‘புளுகர்’ எனப்பட்ட பூகம்பவியலாளர்

1906ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆம் திகதி டோக்கியோ நகரில் வெளியான பத்திரிகைச் செய்தியொன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அதை வெளியிட்ட பத்திரிகையின் பெயர் ‘டோக்கியோ நிரோக்கு ஷிம்புன்’. பரபரப்புச் செய்திகளுக்குப் பேர்போன ஏடு அது. தலைநகரைப் பெரும் பூகம்பம் தாக்கப்போகிறது, நகரம் எரிந்து அழியப்போகிறது, இதைச் சொல்பவர் வேறு யாருமல்லர், பல்கலைக்கழகப் பூகம்பவியலாளர் கலாநிதி இமாமுராவே என்று அந்தச் செய்தி முழங்கியது. அதைப் படித்த மக்கள் கலங்கிப்போயினர்.

செய்தி பொய்யா? முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. உண்மையா? முழு உண்மையும் அல்ல. பாதியை எடுத்து மீதியை விட்ட செய்தி அது. பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன் என்ற வகையில், முழுப் பொய்யைவிடப் பாதிச் செய்தியே அதிக சேதம் விளைவிக்கும் என்று நான் கருதுகிறேன். அந்த ஒரு செய்தியால் ஒரு மனிதரின் வாழ்வில் பதினேழு ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதையும், அவர் அதற்குப் பின்னும் என்ன செய்தார் என்பதையும் இங்கு எழுதிவைக்க விரும்புகிறேன்.

அகிட்சுனே இமாமுரா 1870ஆம் ஆண்டு யப்பானின் தென்கோடியில் உள்ள ககோஷிமாவிலே பிறந்தவர். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று, பின்னர் பூகம்பவியலுக்கு வந்தார். அக்காலத்தில் பூகம்பவியல் என்பது முளைவிட்ட பயிர். 1880இல் யொகொஹாமாவை ஒரு பூகம்பம் உலுக்கியபோது, யப்பானில் பணிபுரிந்த ஜோன் மில்ன் முதலான பிரித்தானியப் பேராசிரியர்களும் யப்பானியரும் சேர்ந்து பூகம்பவியலுக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். 1891இல் நோபி பிரதேசத்தில் ஏற்பட்ட பூகம்பம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டே அரசாங்கம் பூகம்ப ஆய்வுக் குழுவொன்றை நிறுவியது. இமாமுரா இந்தச் சூழலிலேயே உருவானார்.

1896ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி மாலை யப்பானின் வடகிழக்கே சன்ரிக்குக் கரையோரத்தில் மெல்லிய அதிர்வொன்று உணரப்பட்டது. அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. சுமார் அரை மணித்தியாலத்தின் பின்னர் கடல் எழுந்து வந்தது. இருபத்திரண்டாயிரம் பேர்வரை மாண்டனர். மெல்லிய அதிர்வுக்கு இத்தனை பெரிய அலை எவ்வாறு வரும் என்ற கேள்விக்கு 1899இல் இமாமுரா ஒரு விடையைக் கூறினார். கடலுக்கு அடியிலுள்ள நிலமே பெருமளவில் அசைந்திருக்கிறது. அந்த அசைவு மேலேயிருந்த நீரைத் தூக்கியெறிந்திருக்கிறது என்பதே அவருடைய விடை. இன்று பாடசாலைப் பிள்ளையும் அறிந்த செய்தி இது. அன்று அதை ஏற்றவர்கள் மிகச் சிலர்.

இந்த இடத்தில் என் சொந்த நினைவொன்றைச் சொல்லவேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது ‘கடல்கோள்’ என்ற சொல் எனக்கு இலக்கிய வகுப்பில்தான் அறிமுகமானது. பழைய உரைகளில் வரும் சொல் அது. தென்மதுரையைக் கடல்கொண்ட கதை. வரலாறா, கற்பனையா என்று நாம் பட்டிமன்றம் நடத்தினோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, போயா விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாய் வந்த நாளில், பத்திரிகை அலுவலகத்தில் அரைகுறை ஆட்களே இருந்தோம். கிழக்கிலிருந்து முதலில் வந்த தொலைபேசி அழைப்பில், “கடல் ஊருக்குள்ள வந்திட்டுது” என்றார் நிருபர். அவர் சொன்னதற்கு அதற்குமேல் ஒரு பெயரில்லை. மறுநாள் முன்பக்கத்துக்கு எந்தச் சொல்லை எடுப்பது என்று செய்தி மேசையில் பேச்சு எழுந்தபோது, அந்தப் பழைய சொல்லே கைகொடுத்தது. இலக்கிய வகுப்பில் விவாதித்த சொல்லைப் பிணங்களின் எண்ணிக்கையோடு சேர்த்து அச்சிட நேர்ந்தது. சுமாத்திராவுக்கு அருகே நிலம் அசைந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின்னரே எமது கிழக்குக் கரையை அலை தொட்டது. இமாமுராவின் விளக்கம் அச்சேறி நூற்றைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த இரண்டு மணித்தியாலங்களில் எம்மவருக்கு ஒரு சொல் சொல்ல எவரும் இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம்.

இமாமுராவைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

1905ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘தாய்யோ’ என்ற சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தாய்யோ என்றால் சூரியன் என்று பொருள். கட்டுரையின் தலைப்பை வாசகர்கள் கவனிக்கவேண்டும். நகரங்களில் பூகம்பத்தால் உயிருக்கும் உடைமைக்கும் ஏற்படும் சேதத்தைக் குறைப்பதற்கான எளிய வழி என்பதே அதன் சாரம். ஆரூடம் சொல்லும் தலைப்பா இது? நகரசபைச் சுற்றறிக்கைக்கு வைப்பது போன்ற தலைப்பு.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. டோக்கியோவுக்குப் பழைய பெயர் எடோ. அந்த நகரத்தைப் பெருமளவில் தாக்கிய பூகம்பங்களாக 1649, 1703, 1855 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை அவர் எடுத்தார். சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒன்று. கடைசிப் பூகம்பம் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. எனவே அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒன்று வரக்கூடும். இப்போதே ஆயத்தமாக வேண்டும் என்றார். நகரம் முழுவதும் மரவீடுகள். வீடுதோறும் மண்ணெண்ணெய் விளக்கு. நிலம் அதிர்ந்தால் விளக்குச் சரியும். நிலத்தடி நீர்க்குழாய்கள் உடையும். தீயை அணைக்கத் தண்ணீர் இராது. அப்படியானால் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடியக்கூடும் என்று எழுதினார். அதனாற்றான் மண்ணெண்ணெய் விளக்கை விட்டு மின்விளக்குக்கு மாறுங்கள் என்றார்.

சஞ்சிகையில் கட்டுரை வந்து நான்கு மாதங்கள் எந்தச் சலனமும் இல்லை. பின்னரே நிரோக்கு ஷிம்புன் அதைக் கையிலெடுத்தது. பூகம்பம் வரும் என்பதை எடுத்துக்கொண்டது. இலட்சம் பேர் சாவார்கள் என்பதை எடுத்துக்கொண்டது. மண்ணெண்ணெய் விளக்கை மாற்றச் சொன்ன பகுதி அதன் கண்ணில் படவில்லை. கட்டுரையின் உயிரே அந்தப் பகுதிதான். ‘வரக்கூடும், எனவே இதைச் செய்யுங்கள்’ என்ற வாக்கியத்தின் பின்பாதியை வெட்டிவிட்டால் எஞ்சுவது சாபம் மட்டுமே.

அதற்கு வாய்ப்பாக இன்னொன்றும் அமைந்தது. எமது பிரபவ முதலான அறுபது ஆண்டு வட்டத்தைப்போலக் கிழக்காசிய நாடுகளிலும் அறுபது ஆண்டு வட்டமொன்று உண்டு. அதில் 1906 ‘தீக்குதிரை’ ஆண்டு. அந்த ஆண்டில் தீயும் அழிவும் மிகும் என்பது பழைய நம்பிக்கை. (1966உம் 2026உம் அதே பெயருக்குரிய ஆண்டுகளே.) விஞ்ஞானியின் கணக்கும் சோதிட பயமும் ஒன்றாய்க் கலந்தன. பெப்ரவரி மாதம் 24ஆம் திகதி டோக்கியோவில் உண்மையாகவே ஓரளவு வலிய அதிர்வொன்று ஏற்பட்டது. அன்று பிற்பகல் பெரும் பூகம்பம் வருமென வானிலை அவதான நிலையம் அறிவித்திருப்பதாகப் பொய்த் தொலைபேசி அழைப்புகள் பறந்தன. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறித் திறந்த வெளிகளில் தங்கினர். எந்தப் பூகம்பமும் வரவில்லை.

இங்குதான் கதையின் இரண்டாவது மனிதர் வருகிறார். புசாகிச்சி ஒமோரி. இமாமுராவைவிட இரண்டு வயது மூத்தவர், அதே துறையின் பேராசிரியர், இமாமுராவின் மேலாளர். ஒமோரியைச் சாதாரண மனிதராக எண்ணிவிடக் கூடாது. பூகம்பத்துக்குப் பின்வரும் சிற்றதிர்வுகள் நாளாக ஆக எவ்விதம் குறைகின்றன என்பதற்கு 1894இல் அவர் ஒரு விதியைக் கண்டார். இரண்டாம் நாள் பாதியாகும், பத்தாம் நாள் பத்திலொன்றாகும் என்கிற விதமான கணக்கு அது. சிறு திருத்தங்களோடு இன்றும் உலகமெங்கும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அவர் அமைத்த பூகம்பப் பதிகருவி பல நாடுகளுக்குச் சென்றது. எங்கு பூகம்பம் நடந்தாலும் அங்கே போய் நிற்பவர். 1906 ஏப்ரலில் சன் பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தபோது அங்கும் போனார். யப்பானியர்மீது வெறுப்புக் கொண்டிருந்த அந்த நகரின் தெருவில் இளைஞர்கள் அவர்மீது கல்லெறிந்தார்கள்.

நகரம் பீதியில் உறைந்திருந்தபோது ஒமோரிக்கு ஒரே வழியே தெரிந்தது. மறுப்பு வெளியிடுவது. அதே ‘தாய்யோ’ சஞ்சிகையின் மார்ச் இதழில், டோக்கியோப் பெரும் பூகம்பம் என்பது அடிப்படையற்ற வதந்தி என எழுதினார். சில பூகம்பங்களின் சராசரியை வைத்து அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பது அவருடைய வாதம். மக்களை அமைதிப்படுத்துவது தமது கடமை என அவர் கருதியிருக்கவேண்டும். அமைதி திரும்பியது. ஆனால் அந்த அமைதிக்கு விலையாக இமாமுராவின் பெயர் போயிற்று. ‘புளுகர்’ என்று பொருள்தரும் யப்பானியச் சொல்லால் மக்கள் அவரைக் குறிப்பிட்டனர். மண்ணெண்ணெய் விளக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பதினேழு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. இமாமுரா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராகவே இருந்தார். இராணுவப் பாடசாலையில் கணிதம் கற்பித்தும் சம்பாதிக்கவேண்டியிருந்தது. தினமும் ஒரே கட்டடத்தில், தம்மை ஊரறிய மறுத்தவரின் கீழ் வேலை. 1915ஆம் ஆண்டு நவம்பரில் டோக்கியோவுக்கு அண்மையில் அதிர்வுகள் தொடர்ச்சியாக உணரப்பட்டபோது, தீ விடயத்தில் கவனமாக இருங்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். மறுபடியும் கலக்கம், மறுபடியும் கண்டனம். தமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லித் தண்டனை பெற்றவர், இரண்டாம் தடவையும் அதையே சொன்னார் என்பதை நான் குறித்துக்கொள்கிறேன்.

1923ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் 11 மணி 58 நிமிடம். இமாமுரா பல்கலைக்கழகத்தில் தம் அறையில் இருந்தார். நிலம் ஆடத் தொடங்கியது. பழக்கத்தின்படி அவர் செக்கன்களை எண்ணத் தொடங்கினார். ஆட்டம் அடங்கும் என எதிர்பார்த்த வேளையில் அது பெருகியது. கருவிகளின் முட்கள் எல்லை கடந்து எகிறின. மதிய உணவுக்காக நகரமெங்கும் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த வேளை அது. சூறாவளியொன்றின் விளிம்பிலிருந்து பலத்த காற்றும் வீசிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தீ மூண்டது. நீர்க்குழாய்கள் உடைந்தன. அணைக்கத் தண்ணீர் இல்லை. 1905ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்ததைப்போல ஒவ்வொன்றாக நடந்தது.

பல்கலைக்கழக நூலகமும் அதிலிருந்த இலட்சக்கணக்கான நூல்களும் எரிந்தன. இமாமுராவும் உடனிருந்தவர்களும் தமது ஆய்வுகூடத்தைத் தீயிலிருந்து காத்தனர். அதனால் கருவிகளும் பதிவுகளும் பிழைத்தன. ஹோன்ஜோ பகுதியில் முன்பு இராணுவ உடைத் தொழிற்சாலை இருந்த வெற்றுநிலத்தில் தட்டுமுட்டுச் சாமான்களுடன் தஞ்சமடைந்த மக்களைத் தீச்சுழல் சூழ்ந்தது. அந்த ஒரே இடத்தில் மட்டும் சுமார் 38,000 பேர் மாண்டனர். மொத்தத்தில் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,05,000 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பங்கினர் வரை தீயாலேயே இறந்தவர்கள். நிலம் கொன்றவர்களைவிட அடுப்பும் விளக்கும் கொன்றவர்களே அதிகம்.

பூகம்பத்தின் பின்னர் டோக்கியோவின் பெரும்பாலான பத்திரிகை அலுவலகங்கள் எரிந்து கிடந்தன. செய்தி நின்ற இடத்தில் வதந்தி வந்து அமர்ந்தது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற கதை பரவியது. எரியாமல் எஞ்சியிருந்த வெளியூர்ப் பத்திரிகைகள் சில அதை அச்சிலும் ஏற்றின. காவற்குழுக்கள் என்ற பெயரில் திரண்டோர் தெருவில் போவோரை மறித்துச் சொற்களை உச்சரிக்கச் சொல்லி, உச்சரிப்புப் பிசகியவர்களைக் கொன்றனர். பொலிஸாருக்கும் படையினருக்கும் அதில் பங்கிருந்தது. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டனர், சீனரும் கொல்லப்பட்டனர். வதந்தி எவ்வாறு கத்தியாக மாறும் என்பதையும், ஒரு சொல்லின் உச்சரிப்பு எவ்வாறு உயிரைத் தீர்மானிக்கும் என்பதையும் எம் நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் இமாமுரா என்ன செய்தார்? “நான் அன்றே சொன்னேன்” என்று மார்தட்டவில்லை. தம்மிடம் வந்த நிருபர்களிடம், அதிர்வின் மையம் சகாமி விரிகுடாப் பக்கம் என்றும், பின்னதிர்வுகள் படிப்படியாகக் குறையும் என்றும் எடுத்துச் சொன்னார். இதைவிடப் பெரிய பூகம்பம் வரப்போகிறது என்ற வதந்திக்கு அவர் எதிராக நின்றார். மக்களை அமைதிப்படுத்த அவருக்குக் கைகொடுத்தது எதுவென்று நினைக்கிறீர்கள்? ஒமோரியின் பின்னதிர்வு விதி.

ஒமோரி அப்போது நாட்டில் இல்லை. அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற பசிபிக் விஞ்ஞான மாநாட்டுக்குச் சென்றிருந்தார். செப்டெம்பர் முதலாம் திகதி சிட்னி நகரின் ரிவர்வியூ அவதான நிலையத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது அங்கிருந்த பதிகருவியின் முள் அசையத் தொடங்கியது. பூகம்பங்களை வாசிக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட மனிதர், தம் சொந்த நகரத்தின் அழிவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசியிலே கோடாகக் கண்டார். இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்று நாம் ஒதுக்கியிருப்போம். கப்பலேறினார். மூளையிலே கட்டி, வழியில் நோய் முற்றியது. ஒக்டோபர் தொடக்கத்தில் யொகொஹாமா துறைமுகத்தை அடைந்தபோது வரவேற்கச் சென்றவர்களில் இமாமுராவும் ஒருவர். இந்தப் பேரழிவில் தமக்குப் பெரும் பொறுப்பு உண்டென ஒமோரி அவரிடம் ஒத்துக்கொண்டார் என்றும், நீர்க்குழாய்களின் ஆபத்தைப் பற்றித் தாம் முன்னரே எச்சரித்ததை மட்டும் நினைவூட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. நவம்பர் 8ஆம் திகதி அவர் காலமானார். வயது 55. அவருடைய கதிரை இமாமுராவுக்கு வந்தது.

இத்துடன் கதையை முடித்துவிட்டால் ஒருவர் நல்லவர், மற்றவர் தீயவர் என்றாகிவிடும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று பூகம்பங்களை வைத்துச் சராசரி எடுப்பது பலவீனமான கணக்கு என்று ஒமோரி சொன்னது சரியே. இன்றைய பூகம்பவியலும் நாள் குறித்து ஆரூடம் சொல்வதை ஏற்பதில்லை. இமாமுராவின் எச்சரிக்கைக்கும் நிகழ்ந்ததற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்தான் என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு. ஆனால் ‘எப்போது’ என்பதில் ஒமோரி சரியாக இருந்துகொண்டே, ‘என்ன செய்வது’ என்பதில் தவறினார். நாள் தெரியாது என்பது ஆயத்தம் தேவையில்லை என்று ஆகாது. வதந்தியை அணைக்கப் போனவர், வதந்தியோடு சேர்த்து எச்சரிக்கையையும் அணைத்துவிட்டார்.

இதே தவறு எமது காலத்திலும் நடந்தது. 2009ஆம் ஆண்டு இத்தாலியின் லாகுய்லா நகரில் சிற்றதிர்வுகள் தொடர்ந்தன. தனிமனிதர் ஒருவரின் ஆரூடம் பரவிப் பீதி மூண்டது. அதைத் தணிக்க நிபுணர்கள் கூடினர். பயப்பட ஏதுமில்லை என்ற செய்தி மக்களைச் சென்றடைந்தது. ஏப்ரல் 6ஆம் திகதி அதிகாலை பூகம்பம் வந்தது. வீடுகளுக்குள் உறங்கியோரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2012இல் நீதிமன்றம் எழுவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 2014இல் மேன்முறையீட்டில் விஞ்ஞானிகள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். ஒமோரி இன்று வாழ்ந்திருந்தால் அவரும் அந்தக் கூண்டில் ஏற்றப்பட்டிருப்பார்.

இமாமுராவின் பிற்கால வாழ்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கோ அதுவே பெரிதாகப் படுகிறது. புகழ் வந்த பின்னர் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1707, 1854 ஆகிய ஆண்டுகளில் தென்மேற்கு யப்பானைத் தாக்கிய நான்காய்ப் பெரும் பூகம்பங்களை ஆராய்ந்து, அடுத்தது அங்கேதான் என்று தீர்மானித்தார். 1928 அளவில் தம் சொந்த முயற்சியில் பணம் திரட்டி, கீ தீபகற்பப் பகுதியில் அவதான நிலையங்களை அமைக்கத் தொடங்கினார். 1931இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அவற்றை நடத்தினார். 1933இல் சன்ரிக்குக் கரையைக் கடல் மீண்டும் தாக்கி மூவாயிரம் பேர் மாண்டபோது, ஊர்களை மேட்டுநிலத்துக்கு மாற்றுங்கள் என்று வற்புறுத்தினார்.

1944 டிசெம்பர் 7ஆம் திகதி தொனான்காய்ப் பூகம்பம் நிகழ்ந்தது. இமாமுராவின் வேண்டுகோளின்படி அவ்வேளை ககேகவா என்ற இடத்தில் நிலமட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள். பூகம்பத்துக்குச் சற்று முன்னர் நிலம் சரிந்திருக்கலாம் எனக் காட்டும் அந்த அளவீடு இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பூகம்பம் நிகழ்ந்தது யப்பானிய மக்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. போர்க்காலம். விமானத் தொழிற்சாலைகள் சேதமடைந்ததை எதிரி அறிந்துவிடக் கூடாது என்று தணிக்கை. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வு மறுநாள் பத்திரிகைகளின் ஒரு மூலைச் செய்தியாகச் சுருங்கியது. முன்பக்கங்களைப் போர்தொடங்கிய ஆண்டுநிறைவு நிறைத்திருந்தது.

1906இல் ஊதிப் பெருக்கிய பத்திரிகை. 1944இல் வாய்பொத்திய பத்திரிகை. ஒரே மனிதரின் வாழ்நாளில் இரண்டும். தணிக்கையின்கீழ் பத்திரிகை நடத்திய அனுபவம் எம் தலைமுறைக்கும் உண்டு. வெட்டப்பட்ட பத்தி இருந்த இடத்தை வெற்றாக விட்டே பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய இரவுகள் உண்டு. ஊதுவதால் வரும் கேட்டைப் பற்றிப் பத்திரிகைப் பயிற்சிகளில் நிறையப் பேசுகிறோம். மௌனத்தால் வரும் கேடும் அதற்குச் சமமானதே என்று நான் உறுதியாகச் சொல்வேன். கீ, சிகோகு கரையோர மக்களுக்கு அடுத்த பூகம்பம் தங்களுக்குத்தான் என உணர்த்தியிருக்கக்கூடிய செய்தி அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1946 டிசெம்பர் 21ஆம் திகதி அதிகாலை, அது அவர்களிடம் வந்தது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இமாமுரா இரண்டாம் தடவையும் சரியாகச் சொல்லியிருந்தார். இரண்டாம் தடவையும் சொன்னது பயன்படவில்லை. போரினால் அவருடைய நிலையங்களும் முடங்கிப்போயிருந்தன. 1948ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, 77ஆவது வயதில், அவர் காலமானார்.

அப்படியானால் எச்சரிக்கைச் செய்தியை எப்படி எழுதுவது? 2005இலும் அதற்குப் பின்னரும் எமது அலுவலகத்துக்கு மாதந்தவறாமல் அழைப்புகள் வரும். “தம்பி, வாற போயாவுக்கும் கடல் வருமாம் எண்டு சனம் கதைக்குது, உண்மையோ?” என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த ‘இல்லை’ ஒமோரியின் ‘இல்லை’ ஆகிவிடக் கூடாது. போயாவுக்கும் பூகம்பத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வோம். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் நிகழ்ந்து கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர். பெரிய அலை வரவில்லை. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. மறுநாள் ஒரு வாசகர் அழைத்து, “சும்மா சனத்தை ஓடவிட்டிட்டியள்” என்று கோபித்தார். ஐயா, ஓடியவர்கள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள் அல்லவா என்றேன். அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, அது சரிதான் என்றார்.

2024 ஓகஸ்ட் 8ஆம் திகதி, தென்மேற்கு யப்பானில் 7.1 அளவில் பூகம்பம் ஏற்பட்டது. இமாமுரா காவல் காத்த அதே நான்காய்ப் பகுதிக்கு அந்நாட்டு அரசாங்கம் வரலாற்றில் முதற்றடவையாகப் பெரும் பூகம்ப அவதானச் செய்தியை வெளியிட்டது. வழமையைவிடச் சற்று அதிக வாய்ப்பு உண்டு. வரும் என்று சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு ஆயத்தமாக இருங்கள். அன்றாட வேலைகளைத் தொடருங்கள் என்பதே அச்செய்தி. கடைகளில் அரிசியும் தண்ணீரும் முடிந்துபோயின; கடற்கரைகள் சில மூடப்பட்டன; பிரதமர் வெளிநாட்டுப் பயணத்தைக் கைவிட்டார். ஒரு வாரம் கழிந்தது. ஏதும் நடவாமல் அறிவிப்பு முடிவுற்றது. வணிகத்துக்கு நட்டம் என்ற முறைப்பாடு எழுந்தது. ஆனால் எவரையும் ‘புளுகர்’ என்று அழைக்கவில்லை. ஒரு சமூகம் இந்த நிலைக்கு வர நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

கடைசியாக ஒன்று. 1854ஆம் ஆண்டு நான்காய்ப் பூகம்பத்தின்போது கீ தீபகற்பத்தின் ஹிரோ என்ற கிராமத்தில் ஹமாகுச்சி கோரியோ என்பவர் இருளில் தப்பியோடும் மக்களுக்கு வழிகாட்ட வைக்கோற்போர்களுக்குத் தீயிட்டார். பின்னர் தம் செல்வத்தைச் செலவிட்டு ஊரின் முன்னே மண்ணணையொன்றும் கட்டினார். அந்தத் தீயின் கதை 1937இல் யப்பானியப் பாடநூலில் இடம்பெற்றது. அதை எவ்வாறு கற்பிக்கவேண்டும் என்று ஆசிரியர்களுக்கு விளக்கம் எழுதியவர்களுள் இமாமுராவும் ஒருவர். பத்திரிகையில் தோற்ற மனிதர் பாடநூலை நாடியது எனக்கு வியப்பளிக்கவில்லை. அந்தத் தீயின் நினைவாகவே ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5ஆம் திகதியை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக 2015இல் பிரகடனஞ் செய்தது.

1946இல் கடல் மீண்டும் ஹிரோவை நோக்கி வந்தபோது, கோரியோ கட்டிய அணை கிராமத்தின் பெரும்பகுதியைக் காத்தது. அணை கட்டிமுடிந்து அப்போது எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த ஆண்டில், எந்த நாளில் அலை வரும் என்று தெரிந்து கட்டப்பட்ட அணையல்ல அது. வரும் என்று மட்டுமே தெரிந்து கட்டப்பட்டது.